குழந்தைகளின் இயற்கைக் கொல்லி செல் லிம்போமா: தாமதம் எங்கே நேர்கிறது?

ஜப்பானிய மருத்துவ இதழ்கள் பல பத்தாண்டுகளாக விவரித்துவரும் ஒரு நோய்க்காட்சி உண்டு. பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளை. கொசு கடித்த இடம் சில மணி நேரத்தில் சிவந்து வீங்கிக் கொப்புளமாகிறது. ஓரிரு நாளில் கொப்புளத்தின் நடுப்பகுதி கறுத்து, தோல் செத்து, புண்ணாகிறது. கூடவே கடும் காய்ச்சல். கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டுகிறது. புண் ஆறச் சில வாரங்கள் பிடிக்கும், ஆறிய இடத்தில் தழும்பு நிற்கும். அடுத்த கோடையில் மறுபடி அதே கதை. ரத்தத்தைச் சோதித்தால் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். நிணநீர் வெள்ளணுக்களில் இயற்கைக் கொல்லி செல்களின் பங்கு இருக்க வேண்டியதைவிட மிகக் கூடுதலாக இருக்கும். அந்தச் செல்களுக்குள் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் குடியேறியிருக்கும். ஒவ்வாமை என்று சொல்லிக் களிம்பு கொடுத்து அனுப்பப்படும் இப்பிள்ளைகளில் சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயோ லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயோ வருகிறது.

உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் கொசு கடித்துத் தடிக்காத குழந்தை கிடையாது. அந்தத் தடிப்புகள் ஏறக்குறைய எல்லாமே சாதாரணமானவை. கொசு புற்றுநோயைப் பரப்புவதும் இல்லை. ஏற்கெனவே வைரஸ் ஏறிய செல்களை அதன் உமிழ்நீர் கிளறிவிடுகிறது, அவ்வளவுதான். இந்தக் காட்சியை முதலில் வைத்ததற்குக் காரணம், பெரியவர்களிடம் பெரும்பாலும் மூக்கில் கட்டியாக வரும் ஒரு புற்றுநோய், குழந்தைகளிடம் எத்தனை வேடங்களில் வருகிறது என்பதைக் காட்டத்தான். தோலில் புண், முகத்தில் அம்மை போன்ற கொப்புளம், ஓயாத காய்ச்சல், வீங்கிய கல்லீரல், சரிந்துகொண்டே போகும் தட்டணுக்கள் என்று அது வரும். ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு துறை மருத்துவர் இருக்கிறார். தோல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், குடல் மருத்துவர் என்று குழந்தை சுற்றி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. இந்நோயைப் பற்றி இதுவரை வந்த ஆய்வுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால், குழந்தை பிழைப்பதில் பெரும்பங்கு முதல் மருந்து ஏறுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கொல்லும் செல்லே கெட்டுப்போனால்

1975-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா க்ளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோர் சுண்டெலிகளின் மண்ணீரல் செல்களை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். லுக்கேமியா செல்களை அதற்குமுன் சந்தித்தே இராத எலிகளின் செல்களும் அவற்றைக் கொன்றன. அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மனின் குழுவும் அதே காலத்தில் இதையே கண்டது. ஒரு பகைவனைக் கொல்ல நோயெதிர்ப்பு செல்லுக்கு முன்பழக்கம் வேண்டும் என்று நம்பியிருந்த காலம் அது. சோதனையில் ஏதோ பிசகு என்றே பலர் ஒதுக்கினார்கள். பிசகு இல்லை, இது தனி இனச் செல் என்று நிலைபெற்றபோது, கீஸ்லிங் குழு முதலிலேயே சூட்டியிருந்த இயற்கைக் கொல்லி செல் (சுருக்கமாக என்.கே. செல்) என்ற பெயரும் நிலைத்தது. நம் ரத்தத்தில் ஓடும் நிணநீர் வெள்ளணுக்களில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் இவை.

இவை எப்படி ஆளைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதை 1980-களில் கிளாஸ் காரே விளக்கினார். நம் உடலின் செல்கள் தம் மேற்பரப்பில் 'நான் உன் ஆள்' என்று காட்டும் ஒருவகைப் புரதத்தை வைத்திருக்கின்றன. வைரஸ் புகுந்த செல்லும் புற்றுநோய்ச் செல்லும் பல நேரம் அதை மறைத்துவிடும். மற்றக் காவலர்கள் பகைவனின் முகத்தைத் தேடுவார்கள். இயற்கைக் கொல்லி செல் அடையாள அட்டை இல்லாதவனைப் பிடித்துத் தீர்த்துவிடும். அதன் ஆயுதங்கள் பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற இரண்டு புரதங்கள். முன்னது எதிரிச் செல்லின் சவ்வில் ஓட்டை போடும், பின்னது உள்ளே போய் அதைச் சாகவைக்கும்.

இந்தச் செல்லே புற்றாகும்போது ஆயுதங்கள் அதன் கையிலேயே இருக்கின்றன. மற்ற லிம்போமாக்கள் பெரும்பாலும் கட்டியாகப் பெருத்து அக்கம்பக்கத்தை நெருக்கும். இது ரத்தக் குழாய்களைச் சூழ்ந்து அவற்றின் சுவரைத் துளைத்துப் போகும். ரத்தம் தடைப்பட, சுற்றியுள்ள திசு செத்துக் கருகும். மூக்கின் நடுத்தண்டு கரைவதும், மேலண்ணத்தில் ஓட்டை விழுவதும், தோல் கறுத்து உதிர்வதும் இதனால்தான். அத்தோடு இச்செல்கள் ரத்தத்தில் கொட்டும் அழற்சிப் பொருள்கள் மற்ற நோயெதிர்ப்பு செல்களை வெறிபிடிக்க வைக்கும். அவை உடலின் சொந்த ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கும். காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், தட்டணுக் குறைவு, ஆயிரக்கணக்கில் ஏறும் ஃபெரிட்டின் என்ற புரதம் ஆகியவை சேர்ந்த இந்த நிலைக்கு எச்.எல்.எச். என்று மருத்துவமனைகளில் பெயர். குழந்தைகளில் பலர் கட்டியோடு வருவதில்லை, இந்தக் கொந்தளிப்போடுதான் வருகிறார்கள்.

நூறாண்டுக் குழப்பம்

1897-இல் பீட்டர் மெக்பிரைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், மூக்கும் முகமும் வேகமாக அரித்துப்போன ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1933-இல் எடின்பரோவின் ஸ்டூவர்ட் அதேபோல் பத்துப் பேரை விவரித்தார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு இந்நோய் 'மரணம் தரும் நடுக்கோட்டுக் கிரானுலோமா' என்ற பெயரிலேயே பாடநூல்களில் இருந்தது. கிருமித் தொற்று என்றார்கள் சிலர். ரத்தக் குழாய் அழற்சி என்றார்கள் வேறு சிலர். திசுவை எடுத்துப் பார்த்தால் செத்த செல்களும் அழற்சியும்தான் கண்ணில் பட்டன. நடுவே ஒளிந்திருந்த புற்றுச் செல்கள் அழற்சி செல்களைப் போலவே தோற்றமளித்தன.

திருப்பம் ஜப்பானிலிருந்து வந்தது. 1990-இல் ஹராபுச்சியும் உடன் ஆய்வாளர்களும் மூக்கில் வரும் இந்த லிம்போமாவுக்குள் எப்ஸ்டீன்-பார் வைரஸின் மரபணு இருப்பதைக் காட்டினார்கள். இந்த வைரஸுக்குத் தனிக் கதை உண்டு. உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வரும் கட்டிகளைப் பற்றி டெனிஸ் பர்கிட் 1961-இல் லண்டனில் ஆற்றிய உரையைக் கேட்டுக்கொண்டிருந்த ஆன்டனி எப்ஸ்டீன், அக்கட்டியில் ஒரு வைரஸ் இருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கினார். 1964-இல் இவோன் பார், பெர்ட் அச்சாங் ஆகியோருடன் சேர்ந்து அதைக் கண்டார். மனிதரில் புற்றுநோயோடு தொடர்புள்ளதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அது. ஆக, அது முதலில் பிடிபட்டதே ஒரு குழந்தைப் புற்றுநோயில்தான்.

2001-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதற்கு 'நிணமுடிச்சுக்கு வெளியே தோன்றும் என்.கே./டி. செல் லிம்போமா, மூக்கு வகை' என்று பெயர் சூட்டியது. 2022-இல் வந்த ஐந்தாம் பதிப்பு 'மூக்கு வகை' என்ற ஒட்டை எடுத்துவிட்டது. தோல், குடல், விரை, நுரையீரல் என்று எங்கும் இது தொடங்கலாம் என்பதால் எடுத்தது சரி என்றே படுகிறது. மூக்கில் ஒன்றுமில்லை என்பதால் இது இல்லை என்று முடிவுகட்டிய மருத்துவர்கள் உண்டு.

வகைப்பாட்டில் இன்னொரு தவறும் நேர்ந்து, திருத்தப்பட்டது. 2001 பட்டியலில் 'பிளாஸ்டிக் என்.கே. செல் லிம்போமா' என்று ஒன்று இருந்தது. தோலில் ஊதா நிறக் கட்டிகளாக வந்து எலும்பு மஜ்ஜைக்குப் பரவும் நோய், குழந்தைகளுக்கும் வரும். சி.டி. 56 என்ற அடையாளப் புரதம் அதன்மேல் இருந்ததால் இயற்கைக் கொல்லி செல்லின் நோய் என்று நினைத்துவிட்டார்கள். அது பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிட்டிக் செல் என்ற வேறு இனத்திலிருந்து வருவது என்று தெரிந்தபின் 2008-இல் பெயரும் இடமும் மாறின. இந்த நோய்க்கு எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்பில்லை, சிகிச்சையும் வேறு. 2018 டிசம்பரில் அமெரிக்கா டாக்ராக்ஸோஃபஸ்ப் என்ற மருந்தை இரண்டு வயது முதலே இதற்கு அனுமதித்தது. 2008-க்கு முந்தைய இதழ்களில் 'குழந்தையின் என்.கே. லிம்போமா' என்று வந்த தனிநோயாளி அறிக்கைகளைப் படிக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது உண்மையில் எந்த நோய் என்பதே. பழைய வெற்றி விகிதங்களை அப்படியே கூட்டிக் கணக்குப் போட முடியாததற்கு இது ஒரு காரணம்.

குழந்தைகளில் எத்தனை, எவ்வகை

குழந்தைகளின் ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாவில் பர்கிட், லிம்போபிளாஸ்டிக், பெரிய பி செல், அனபிளாஸ்டிக் ஆகிய நான்கே மிகப் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. முதிர்ந்த டி செல்லும் இயற்கைக் கொல்லி செல்லும் சார்ந்த மற்ற வகைகள் எல்லாம் சேர்ந்தும் மிகச் சிறுபான்மை. ஐரோப்பியக் குழந்தை லிம்போமாக் குழுவும் பி.எஃப்.எம். குழுவும் பல நாடுகளிலிருந்து திரட்டி 2016-இல் வெளியிட்ட தொகுப்பில், அனபிளாஸ்டிக் அல்லாத இந்த வகைகள் எல்லாவற்றுக்குமாகக் கிடைத்த பிள்ளைகள் 143 பேர்தான். அதில் இயற்கைக் கொல்லி செல் நோய் இன்னும் சிறிய பகுதி. அந்தத் தொகுப்பில் கவனிக்க வேண்டிய செய்தி வேறு: கால்வாசிப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நோயெதிர்ப்புக் குறைபாடு போன்ற வேறொரு பாதிப்பு இருந்தது. ஆகவே ஒரு குழந்தைக்கு இவ்வகை லிம்போமா வந்தால், அதற்கு அடியில் பிறவிக் கோளாறு ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று மரபணுச் சோதனை செய்து பார்ப்பது வீண் செலவாகாது. உடன்பிறந்தவரிடமிருந்து எலும்பு மஜ்ஜை எடுக்கும் நிலை வந்தால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். அதே குறை அவருக்கும் இருக்கலாம்.

குழந்தைகளில் இந்நோயை ஒற்றை நோயாகப் பார்ப்பதைவிட ஒரு நீண்ட சரிவாகப் பார்ப்பதே பொருந்தும். மேல்முனையில் கடுமையான கொசுக்கடி ஒவ்வாமை. அதற்கடுத்து 1862-இல் பிரெஞ்சு மருத்துவர் பாஸான் விவரித்த 'ஹைட்ரோவா வாக்சினிஃபார்மே': வெயில் படும் கன்னம், மூக்கு, காது, புறங்கைகளில் அம்மைக் கொப்புளம் போல் எழும்பி, பொருக்குத் தட்டி, குழிவிழுந்த தழும்பாக முடியும். ஐரோப்பியக் குழந்தைகளில் இது பெரும்பாலும் வளர வளர மறைந்துவிடும். மெக்சிகோ, குவாத்தமாலா, பெரு, பொலிவியா நாடுகளின் பூர்வகுடிப் பிள்ளைகளிலும் கிழக்காசியப் பிள்ளைகளிலும் அதுவே முகமெல்லாம் வீங்கி, காய்ச்சலோடு, வெயில் படாத இடத்துக்கும் பரவி, லிம்போமாவாக மாறக்கூடும். இதில் டி செல்கள் பெரும்பங்கு, இயற்கைக் கொல்லி செல்கள் சிறுபங்கு. மூன்றாவது, நாட்பட்டு உயிர்ப்போடிருக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் நோய்: மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கல்லீரல் நொதிகளின் ஏற்றம், மண்ணீரல் வீக்கம். சரிவின் அடியில் இயற்கைக் கொல்லி செல் லிம்போமாவும், வாரக்கணக்கில் உயிரைப் பறிக்கும் தீவிர என்.கே. லுக்கேமியாவும் இருக்கின்றன. தீவிர லுக்கேமியா நோயாளிகளின் சராசரி வாழ்நாள் இரண்டு மாதங்களுக்கும் குறைவு என்றே பெரும்பாலான தொகுப்புகள் காட்டுகின்றன. அதிர்ஷ்டவசமாகக் குழந்தைகளில் அது மிக அரிது.

ஹிரோஷி கிமுராவின் குழு 2012-இல் ஜப்பானில் 108 பேரைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு இந்தச் சரிவைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவியது. அவர்களில் 80 பேருக்கு இருந்தது நாட்பட்டு உயிர்ப்போடிருக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் நோய். எட்டு வயதுக்கு மேல் நோய் தொடங்கியவர்களுக்கும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மாற்று எலும்பு மஜ்ஜை பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். சரிவின் மேல்முனையில் இருக்கும்போதே பிடித்துவிட்டால் நேரம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஏன் அங்கே, ஏன் இங்கே அதிகமில்லை

சீனா, கொரியா, ஜப்பான், ஹாங்காங் ஆகிய இடங்களில் லிம்போமாக்களில் என்.கே./டி. வகை சுமார் 5 முதல் 10 சதவீதம் வரை. மேற்கு நாடுகளில் ஒரு சதவீதம்கூட இல்லை. வைரஸோ உலகெங்கும் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் இருக்கிறது. ஆகவே வைரஸ் மட்டும் காரணமாக முடியாது. 2016-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று எச்.எல்.ஏ.-டி.பி.பி.1 என்ற பகுதியின் வேறுபாடுகளைச் சுட்டியது. கட்டிச் செல்களில் டி.டி.எக்ஸ்.3.எக்ஸ்., ஜேக்-ஸ்டாட் வழித்தடம் ஆகியவற்றில் திரிபுகள் கிடைத்தன. 2019-இல் ஜப்பானியக் குழுவொன்று, நாட்பட்ட வைரஸ் நோயுள்ளவர்களின் உடலில் உள்ள வைரஸின் மரபணுவிலேயே சில துண்டுகள் காணாமல் போயிருப்பதையும், அதே நோயாளிகளின் செல்களில் லிம்போமாவில் காணும் திரிபுகள் முன்கூட்டியே முளைத்திருப்பதையும் கண்டது.

இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2,773 லிம்போமாக்களை வகைபிரித்து 2000-இல் வெளியிட்டார்கள். மற்ற ஆசிய நாடுகளில் சாதாரணமாகக் காணும் மூக்கு வகை என்.கே./டி. லிம்போமா இங்கே குறைவு என்பது அதன் முடிவுகளில் ஒன்று. நம் பிள்ளைகள் பெரும்பாலும் சிறு வயதிலேயே எப்ஸ்டீன்-பார் வைரஸைப் பெற்றுவிடுகிறார்கள். பெற்ற சுவடே தெரியாமல் கடந்தும் போகிறார்கள். குறைவு என்பதில் ஐயமில்லை. எனினும் அந்தக் குறைவே இங்கே ஆபத்தாகிறது. அடிக்கடி பார்க்காத நோயை யாரும் தேடுவதில்லை. காசநோய், தொழுநோய், பூஞ்சைத் தொற்று எல்லாம் மூக்கையும் அண்ணத்தையும் அரிக்கும் நாடு இது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலைக்குப்பின் கருப்புப் பூஞ்சை பரவியபோது, மூக்கில் கறுத்த திசு என்றாலே பூஞ்சைதான் என்ற எண்ணம் படிந்துவிட்டது. பூஞ்சை மருந்து கொடுத்தும் அடங்காத புண்ணுக்குக் காசநோய் மருந்து, அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு என்று போகும் வழி நமக்குப் புதிதில்லை. ஸ்டீராய்டு கொடுத்தால் சில நாள் காய்ச்சல் இறங்கும், புண்கூட ஆறுவதுபோல் இருக்கும். பிறகு எடுக்கும் திசுவில் நோயைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

கண்ணாடித் தகட்டின் மேல்

பயாப்ஸி முடிவு 'செத்த திசு, அழற்சி, புற்றுநோய் இல்லை' என்று வருவது இந்நோயில் மிகச் சாதாரணம். மேற்பரப்பில் சுரண்டி எடுத்தால் கருகிய பொருக்குதான் வரும். புண்ணின் விளிம்பில், உயிருள்ள திசுவோடு சேர்த்து, ஆழமாக எடுக்க வேண்டும். தேவையானால் மறுபடி எடுக்க வேண்டும். குழந்தைக்கு இரண்டாம் முறை மயக்கம் கொடுக்கத் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது.

திசு சரியாகக் கிடைத்தபின் நோய்க்குறியியல் நிபுணர் செய்ய வேண்டியவை சில. சி.டி. 3, சி.டி. 56, கிரான்சைம் பி, டி.ஐ.ஏ.-1 ஆகிய சாயங்கள் முதலில். இயற்கைக் கொல்லி செல்லில் சி.டி. 3-இன் ஒரு துண்டு செல்லுக்குள்ளே மட்டும் இருக்கும், மேற்பரப்பில் இருக்காது. திசுச் சாயத்தில் அது டி செல் போலவே தெரியும் என்பதால் ஏமாற இடமுண்டு. தீர்ப்பளிப்பது ஈபர் சோதனை. வைரஸ் செல்லுக்குள் குவிக்கும் சிறு ஆர்.என்.ஏ.க்களோடு ஒட்டும் சாயத்தைத் தகட்டின்மேல் இட்டுக் கழுவினால், நோயுள்ள செல்களின் உட்கருக்கள் மட்டும் கருநீலப் புள்ளிகளாக எழும்பும். சாதாரணச் சாயத்தில் வெறும் அழற்சியாகத் தெரிந்த அதே தகட்டில், ரத்தக் குழாயைச் சுற்றி வளையமாக அந்தப் புள்ளிகள் நிற்பது தெரியும். ஈபர் ஒன்றும் எட்டாத வித்தை கிடையாது. பெரிய ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யப்படுவதுதான். கேட்டால்தான் செய்வார்கள் என்பதே சிக்கல். கேட்பதற்கு நோயின் நினைப்பு வர வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. டி செல், பி செல் புற்றுகளில் எல்லாச் செல்களும் ஒரே செல்லின் வாரிசுகள்தானா என்று ஏற்பி மரபணுவின் அமைப்பை வைத்துச் சொல்லிவிடலாம். இயற்கைக் கொல்லி செல்லில் அந்த மரபணுக்கள் மாற்றியடுக்கப்படுவதே இல்லை. எனவே அந்தச் சோதனை இங்கே வாய் திறக்காது. அதற்கு வைரஸையே சாட்சியாக்கினார்கள். 1986-இல் நான்சி ராப்-ட்ராபும் கேத்ரின் ஃப்ளின்னும், வைரஸின் மரபணு முனைகளில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளின் நீளம் ஒவ்வொரு தொற்றிலும் மாறுபடும், ஒரே செல்லிலிருந்து பெருகியவற்றில் மாறாது என்று காட்டினார்கள்.

எதிர்த் திசையிலும் தவறு நேரலாம். எப்ஸ்டீன்-பார் வைரஸ் முதன்முறை தொற்றும்போதே சில குழந்தைகளுக்கு எச்.எல்.எச். கொந்தளிப்பு வரும்; அது லிம்போமாவைப் போலவே தோற்றமளித்து, உரிய சிகிச்சையில் முழுமையாக அடங்கிவிடும். வயிற்றிலும் குடலிலும் இயற்கைக் கொல்லி செல்கள் குவிந்து புண்ணாகும் சாதுவான நோயொன்றும் உண்டு. 2010, 2011 ஆண்டுகளில்தான் ஜப்பானியரும் அமெரிக்கரும் அதைத் தனியாகப் பிரித்து விவரித்தார்கள். நுண்ணோக்கியில் அது அசல் லிம்போமா போலிருக்கும்; ஈபர் மட்டும் படியாது. பெரும்பாலும் பெரியவர்களிடம் காணப்படும் இதற்குக் கீமோதெரபி தேவையில்லை. அது தெரியாத காலத்தில் அறுவைக்கும் கீமோவுக்கும் ஆளானவர்கள் உண்டு.

மருந்து: குழந்தைகளிடமிருந்து போய்த் திரும்பி வந்தது

லிம்போமா என்றாலே 'சாப்' என்ற நான்கு மருந்துக் கூட்டைக் கொடுத்த காலத்தில் இந்நோயாளிகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. இயற்கைக் கொல்லி செல்லின் சவ்வில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற இறைப்பான் நிறைய இருக்கிறது. டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின் இரண்டையும் உள்ளே வந்த வேகத்தில் வெளியே தள்ளிவிடும். அதற்குப் பிடிபடாத மருந்து தேவைப்பட்டது. அது ஏற்கெனவே குழந்தைகள் வார்டில் இருந்தது.

1953-இல் ஜான் கிட் என்ற அமெரிக்க ஆய்வாளர், கினிப்பன்றியின் ரத்தநீர் எலிகளின் லிம்போமாவைக் கரைப்பதைக் கண்டார். காரணப்பொருள் எல்-அஸ்பராஜினேஸ் என்ற நொதி என்பதை 1961-இல் ஜான் புரூம் காட்டினார். ரத்தத்திலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை அது சிதைத்துவிடும். சாதாரணச் செல்கள் அஸ்பராஜினைத் தாமே செய்துகொள்ளும், சில புற்றுச் செல்களால் முடியாது. குழந்தைகளின் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியாவில் இன்று காணும் குணமடையும் விகிதத்தில் இந்த நொதிக்குப் பெரும் பங்குண்டு. அதே பலவீனம் இயற்கைக் கொல்லி செல் புற்றிலும் இருப்பது தெரிந்து, ஜப்பானில் மோட்டோகோ யமகுச்சியின் குழு 'ஸ்மைல்' என்ற கூட்டை உருவாக்கியது. டெக்ஸாமெத்தசோன், மெத்தோட்ரெக்ஸேட், ஐஃபாஸ்ஃபமைடு, எல்-அஸ்பராஜினேஸ், எட்டோபோசைடு என ஐந்து மருந்துகள். 2011-இல் வந்த முடிவில், முற்றிய நோயோடும் மீண்டும் வந்த நோயோடும் இருந்த 38 பேரில் 79 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. அதுவரை இந்நோயில் கேள்விப்படாத எண் அது. விலையும் உண்டு: வெள்ளணுக்கள் அடியோடு விழும், தொற்றால் மரணங்கள் நேர்ந்தபின் சோதனைத் திட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

அந்தச் சோதனையில் சேர்க்கப்பட்டவர்களின் வயது 15 முதல் 69. அதாவது பத்து வயதுப் பிள்ளைக்கு மருந்தளவு எழுதும் மருத்துவர் இன்றும் பெரியவர்களின் ஆய்விலிருந்து கடன் வாங்கித்தான் எழுதுகிறார். ஆனாலும் ஒரு அனுகூலம் இருக்கிறது. அஸ்பராஜினேஸைக் கையாளும் கைப்பழக்கம் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்களுக்கு இருப்பதுபோல் வேறு யாருக்கும் இல்லை. ஒவ்வாமை, கணைய அழற்சி, ரத்தக்கட்டு, கல்லீரல் பாதிப்பு என்று அதன் குறும்புகளை எல்லாம் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதை, ரத்தத்தில் நொதியின் செயல்பாடு மில்லி லிட்டருக்கு 0.1 யூனிட்டுக்குக் கீழே போகாமல் இருக்கிறதா என்று அளந்து அறியலாம். பல நிறுவனங்களின் தயாரிப்புகள் விற்கும் இந்தியச் சந்தையில் அந்த அளவீட்டை விருப்பத்தேர்வாக விடுவது சரியில்லை என்பது என் கருத்து.

கதிர்வீச்சுதான் மிகச் சிக்கலான கேள்வி. மூக்கோடு நின்ற நோய்க்குப் பெரியவர்களில் 50 கிரே அளவில் தொடக்கத்திலேயே கதிர் கொடுப்பது நிலைபெற்ற வழி. ஜப்பானில் அதைக் கீமோவோடு ஒரே நேரத்தில் கொடுத்த ஆய்வில் இரண்டாண்டுக்குப்பின் 78 சதவீதத்தினர் உயிரோடிருந்தார்கள். அதே அளவை ஏழு வயதுப் பிள்ளையின் முகத்தில் பாய்ச்சினால் முக எலும்பு வளர்ச்சி நிற்கும், பல் முளைப்பது கெடும், கண்ணில் புரை வரும். பிட்யூட்டரி பாதிக்கப்பட்டால் உயரமும் பருவமடைதலும் தடுமாறும். பல ஆண்டு கழித்து அதே இடத்தில் வேறு புற்று வரும் ஆபத்தும் உண்டு. கதிரைத் தவிர்த்தால் நோய் திரும்பலாம். இரண்டில் எது குறைந்த தீங்கு என்று சொல்லப் போதுமான குழந்தைகள் எந்த ஒரு நாட்டிலும் இல்லை. புரோட்டான் கதிர் அக்கம்பக்கத் திசுக்களை ஓரளவு காக்கும். தெற்காசியாவின் முதல் புரோட்டான் மையம் 2019-இல் சென்னைத் தரமணியில் திறக்கப்பட்டது. செலவுதான் பெரும்பாலோருக்கு எட்டாதது.

நோய் பரவியிருந்தாலும், நாட்பட்ட வைரஸ் நோய் லிம்போமாவை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தாலும், குணப்படுத்தும் வழி பிறரது எலும்பு மஜ்ஜை மாற்றுதான். ஒசாகா மருத்துவர்கள் அதை மூன்று படிகளாக அமைத்தார்கள்: முதலில் ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின், எட்டோபோசைடு கொடுத்துக் கொந்தளிப்பைத் தணிப்பது, பிறகு கீமோ, அதன்பின் வீரியம் குறைந்த முன்தயாரிப்போடு மாற்று. கொதிநிலையில் இருக்கும் பிள்ளையை நேரடியாக மாற்றுக்குக் கொண்டுபோவதைவிட இது பாதுகாப்பானது என்பது அவர்கள் அனுபவம். நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ரத்த நீரிலுள்ள வைரஸ் மரபணுவின் அளவை வைத்தே பின்தொடரலாம். மருந்து தொடங்கியும் அது இறங்காவிட்டால் காத்திருக்கக் கூடாது. புதிய மருந்துகளில் பெம்ப்ரோலிசுமாப் 2017-இல் வேறு வழியற்ற ஏழு பேருக்குக் கொடுக்கப்பட்டு ஏழு பேரிடமும் பலன் தெரிந்தது. எல்லாரும் பெரியவர்கள்.

எண்ணிக்கை சேர வேண்டும்

இவ்வளவு அரிய நோய்க்கு ஒரு மருத்துவமனை தனியாக ஆய்வு நடத்த முடியாது. ஒரு பெரிய மருத்துவமனையின் குழந்தைப் பிரிவு பல ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இந்நோயாளிகளைப் பார்க்கும். ஆனால் அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சி.எம்.சி., மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களின் பழைய மெழுகுக் கட்டைகளையும் குறிப்புகளையும் ஒன்றாக வைத்து, ஒரே குழு மறுபரிசீலனை செய்தால், இந்தியக் குழந்தைகளில் இந்நோய் எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்லும் நிலை வரும். ஐரோப்பியர் 143 பேரைத் திரட்டியது இப்படித்தான். இந்தியக் குழந்தை ரத்தவியல்-புற்றுநோயியல் மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தேசிய அளவில் கூட்டு ஆய்வுக் குழு இருக்கிறது. ஆகவே தொடங்கப் புதிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு மூன்று வாரத்துக்கும் மேல் விடாத காய்ச்சல், ஆறாத மூக்குப்புண், கருகிப்போகும் கொசுக்கடி இவற்றில் ஏதோ ஒன்றுக்காகப் பிள்ளைக்குப் பயாப்ஸி எடுத்து, 'அழற்சி மட்டும்' என்று முடிவு வந்து, குறை தீராமல் இருந்தால், அந்த அறிக்கைத் தாளோடு நின்றுவிடாதீர்கள். எடுத்த திசுவை மெழுகில் பதித்து ஆய்வகம் பத்திரப்படுத்தி வைத்திருக்கும். அதை அங்கே பிளாக் என்பார்கள். எழுதிக் கொடுத்துக் கேட்டால் பிளாக்கையும் கண்ணாடித் தகடுகளையும் தருவார்கள். அவற்றை வாங்கிக்கொண்டு குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய், ஈபர் சோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள்.